ஜன்னலுக்கு அப்பால் இருக்கும் ஏடு

கெடா மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்தவர்களுக்கு, சம்பள நாளன்று ஆபீசு ஜன்னலுக்கு முன்னால் நீளும் வரிசையைப் பற்றி விஸ்தாரமாகச் சொல்லவேண்டிய அவசியமில்லை. இருள் பிரியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்பில் பெயர் கொடுத்து, தம் பங்கு மரங்களை வெட்டி, மங்குகளில் வடிந்த பாலை வாளிகளில் சேர்த்து, தோள்கம்பாகிய காண்டாவில் சுமந்துவந்து ஸ்டோரில் நிறுத்து, அந்த எடையைத் தோட்ட எழுத்தரான கிராணியார் குறித்துக்கொள்வதைக் கண்ணால் பார்த்த பிறகே வீடு திரும்பிய தொழிலாளி, மாத முடிவில் அந்த ஜன்னலுக்கு வந்து நிற்கும்போது இரண்டு விதமான கேள்விகளைக் கேட்கக்கூடும். "இந்த மாசம் எனக்கு எவ்வளவு வருதுங்க ஐயா?" என்பது முதற் கேள்வி, அதற்கு விடை ஒரே ஒரு தொகை, கிராணியார் தலையை நிமிர்த்தாமலே சொல்லிவிடலாம். "எந்தெந்த நாளிலே எத்தனை கிலோ பால் எழுதியிருக்குது, ஒட்டுப்பால் எத்தனை, எல்லாத்தையும் சொல்லுங்க" என்பது இரண்டாவது கேள்வி. அதற்கு விடை செக்ரோல் என்னும் கணக்கேட்டில் உள்ள 26 வரிகள்.

இந்த இரண்டாவது கேள்வியில்தான் சிக்கல் பிறக்கிறது. செக்ரோல் ஜன்னலைத் தாண்டி வெளியே வரலாகாது; அதில் மற்றவர்களுடைய கணக்கும் இருக்கிறது, அதை ஒருவர் கையில் கொடுத்துவிட்டால் ஏனையோர் காரியங்கள் நின்றுபோகும். ஆயினும் அதனுள் இருக்கும் 26 வரிகள் வெளியே வந்தாகவேண்டும். அவற்றை ஒரு தாளில் பெயர்த்தெழுதி மொத்தமாக நீட்டுவதா? அல்லது ஏட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு, தொழிலாளி "அடுத்தது" என்று சொல்லச் சொல்ல ஒவ்வொரு வரியாகப் படிப்பதா? படித்துக்கொண்டிருக்கையிலேயே மேற்பார்வையாளரான மண்டோர் வந்து ஒரு நாளின் எடையைத் திருத்தச் சொன்னால், தொழிலாளிக்குச் சொல்லவேண்டியது பழைய எடையா, புதிய எடையா? அவர் பாதியிலே போய்விட்டால், விரல் எத்தனை நேரம் அந்த வரியின் மேலேயே நிற்பது? தரவுத்தளத்திலிருந்து விவரங்களை வெளியே அனுப்பும் கலையில் நிபுணர்கள் ஐம்பது ஆண்டுகளாக ஆராய்ந்துவரும் வினாக்கள், பெரும்பாலும் இந்த ஜன்னலில் எழுகின்ற இதே வினாக்கள்தாம்.

தோட்டங்கள் செம்பனைக்கு மாறியும் வீட்டுமனைகளாகத் துண்டாடப்பட்டும் போய், பீடோங்கிலும் லூனாசிலும் பாடாங் செராயிலும் லயத்து வீடுகளில் பிறந்தவர்களின் பிள்ளைகளிற் பலர் சுங்கைப்பட்டாணியின் அலுவலகங்களிலும், 1996-இல் தொடங்கப்பெற்ற கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவின் ஆலைகளிலும் கணினியின் முன்னால் அமர்ந்து வேலை பார்க்கின்ற இந்நாளில், இவ்விஷயத்தைத் தமிழிலே விளங்கச் சொல்லிவைப்பது கடமை என்று கருதுகிறேன்.

முதலில் சில சொற்களை நிச்சயித்துக்கொள்வோம். ஒழுங்குபடுத்திச் சேமித்துவைத்த விவரங்களின் தொகுதி தரவுத்தளம் எனப்படும். அதனுள் விவரங்கள் அட்டவணைகளாக இருக்கும். அட்டவணையின் ஒரு வரியை நிரை என்றும், நாள், எடை, பெயர் என்று மேலிருந்து கீழாக ஓடும் பகுதியைப் பத்தி என்றும் சொல்வோம். தரவுத்தளத்தைக் காத்து நிற்கும் கணினி சேவையகம். அதனிடம் கேட்டு வாங்கித் திரையிலோ தாளிலோ காட்டும் மென்பொருள் செயலி. செக்ரோலோடு கூடிய ஆபீசு அறை சேவையகம் என்றால், ஜன்னலுக்கு வெளியே நிற்பவர் செயலி. இனி எஞ்சியிருப்பது கிராணியார். அவருடைய ஸ்தானத்தை வகிப்பதே சேமித்த செயல்முறை. "இன்ன கேள்வி வந்தால் இன்னின்ன ஏடுகளைப் பார்த்து, இன்னின்னவற்றைக் கூட்டி, இவ்வாறு விடை கொடு" என்று முன்கூட்டியே எழுதி, பெயர் சூட்டி, சேவையகத்தின் உள்ளேயே வைத்திருக்கும் கட்டளைக் கோவை. அலுவலகங்களில் இதை ஸ்டோர்டு புரொசீஜர் என்றே சொல்லிக்கொள்கிறார்கள்.

இந்த அட்டவணை முறையின் வரலாறு 1970-ஆம் ஆண்டிலிருந்து தொடங்குகிறது. அவ்வாண்டு ஜூன் மாதம், கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் ஐபிஎம் ஆராய்ச்சிக் கூடத்தில் பணிபுரிந்த எட்கர் காட் என்னும் ஆங்கிலேயர், விவரங்களையெல்லாம் அட்டவணைகளாகக் கருதலாம் என்றும், கேட்பவர் தமக்கு வேண்டுவது எது என்று சொன்னால் போதும், அதை எந்த வழியாகத் தேடி எடுப்பது என்பதைக் கணினியே தீர்மானித்துக்கொள்ளட்டும் என்றும் ஒரு கட்டுரையில் நிறுவினார். அதற்கு முன்பு, ஒரு விவரத்தைத் தேடுகிற நிரலாளர், இந்தப் பதிவிலிருந்து அந்தப் பதிவுக்கு, அங்கிருந்து அடுத்ததற்கு என்று வழி முழுவதையும் தாமே அறிந்து நடக்கவேண்டியிருந்தது. காட் அவர்களின் கருத்தைச் சோதித்துப் பார்ப்பதற்காக அதே கூடத்தில் சிஸ்டம் ஆர் என்னும் முயற்சி தொடங்கிற்று. டொனால்ட் சேம்பர்லின், ரேமண்ட் பாய்ஸ் ஆகிய இருவரும் 1974-இல் சீக்வெல் என்னும் வினவுமொழியை வகுத்தார்கள். அதுவே இன்று உலகெங்கும் எஸ்.கியூ.எல். என்று வழங்குகிறது.

இந்த மொழியின் பெருமை, கேள்விக்கு விடையாக வருவதும் ஓர் அட்டவணையாகவே இருப்பது. ஒரு நிரை வரலாம், ஒரு லட்சம் நிரைகள் வரலாம், ஒன்றுமே இல்லாத வெற்று அட்டவணையும் வரலாம்; எல்லாம் ஒரே ஜாதி. ஆனால் அக்காலத்தில் வியாபாரக் காரியங்களுக்குப் பயன்பட்ட கோபோல் முதலிய நிரல்மொழிகளுக்கு ஒரு சமயத்தில் ஒரு பதிவைக் கையாளத்தான் தெரியும். தொகுதியாகப் பேசும் ஒரு மொழிக்கும் ஒவ்வொன்றாகக் கேட்கும் இன்னொரு மொழிக்கும் நடுவே பாலம் வேண்டியிருந்தது. சிஸ்டம் ஆர் ஆய்வாளர்கள் கட்டிய அந்தப் பாலத்துக்குக் கர்சர் என்று பெயர். தமிழில் இடங்காட்டி எனலாம். கிராணியார் ஏட்டின் மேல் வைத்திருக்கும் விரல் அதுதான். திற, அடுத்ததை எடு, அடுத்ததை எடு, மூடு. அதன் வாழ்வு இந்தச் சில சொற்களில் அடங்கிவிடும்.

சேமித்த செயல்முறையைச் சந்தைக்குக் கொண்டுவந்து பரவலாக்கியது, 1984-இல் கலிபோர்னியாவில் நிறுவப்பட்ட சைபேஸ் நிறுவனம். 1987-இல் அவர்கள் வெளியிட்ட எஸ்.கியூ.எல். சர்வர் என்னும் தரவுத்தளம், பின்னர் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தோடு ஏற்பட்ட உடன்பாட்டினால் 1989-இல் சிறு கணினிகளுக்கும் வந்தது. ஆரக்கிள் என்னும் இன்னொரு தரவுத்தளம் தன் ஏழாம் பதிப்பில், 1992-இல், இந்த வசதியைச் சேர்த்தது. மைஎஸ்கியூஎல் என்னும் தரவுத்தளம் 2005-இல்தான் சேர்த்துக்கொண்டது. ஆனால் செயல்முறை முடிந்ததும் நிரைகள் எவ்விதம் வெளியே வருவது என்ற வினாவுக்கு மட்டும் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விடை கண்டார்கள்.

சைபேஸ் கண்ட வழி மிக எளிமையானது. செயல்முறைக்குள் எங்கேனும் "இன்னவற்றைத் தேர்ந்தெடு" என்ற கட்டளை தனித்து நின்றால், அதன் விடை அப்படியே ஜன்னல் வழியாக வெளியே போய்விடும். திருப்பி அனுப்பு என்று பிரத்தியேகமாகச் சொல்லவேண்டியதில்லை. இப்படிப் போகும்போது கம்பியில் என்ன செல்கிறது என்பதை, வலையமைப்பில் ஓடும் செய்திகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் போன்ற கருவியைக் கொண்டு மறையாக்கம் செய்யப்படாத இணைப்பில் எவரும் நேரே பார்க்கலாம். இது ஊகமன்று, பிரத்தியட்சம். மைக்ரோசாஃப்ட் எஸ்.கியூ.எல். சர்வர் அனுப்பும் ஒவ்வொரு துண்டின் தலையிலும் ஓர் எண் நிற்கும். 129 என்று வந்தால், "இனி வரப்போகும் நிரைகளில் இத்தனை பத்திகள், அவற்றின் பெயர்கள் இவை, இது எண், இது தேதி" என்ற முன்னறிவிப்பு. 209 என்று வந்தால் ஒரு நிரை. 26 நாள் கணக்கு என்றால் ஒன்றன்பின் ஒன்றாக 26 துண்டுகள் வரும். 255 என்று வந்தால், "செயல்முறைக்குள் ஒரு கட்டளை முடிந்தது, அது தொட்ட நிரைகள் இத்தனை" என்று பொருள். எல்லாம் முடிந்தபின் 254 வந்து, செயல்முறை நிறைவுற்றது என்று அறிவிக்கும்.

இந்த எண்களை அறிந்துகொண்டால், இத்துறையில் புதிதாக இறங்கும் இளைஞர்களைப் பல காலமாகத் திகைக்கவைத்துவரும் ஒரு விசித்திரம் விளங்கிவிடும். செயல்முறையைச் சேவையகத்திலேயே ஓட்டிப் பார்த்தால் நிரைகள் அழகாக வருகின்றன. அதே செயல்முறையைச் செயலியிலிருந்து அழைத்தால் ஒன்றுமே வரவில்லை, பிழைச் செய்தியும் பெரும்பாலும் தெளிவாக இல்லை. நடப்பது இதுதான்: செயல்முறை முதலில் சில விவரங்களை ஒரு தற்காலிக அட்டவணையில் எழுதிவைக்கிறது, அந்த எழுத்து முடிந்ததும், "7,800 நிரைகள் எழுதப்பட்டன" என்று 255-ஆம் எண் துண்டு ஒன்று வெளியே போகிறது, அதன் பிறகே உண்மையான விடை போகிறது. ஏடிஓ போன்ற பழைய இணைப்பு நூலகங்கள் முதலில் வந்த அந்த எண்ணிக்கையையே முதல் விடையாகக் கொண்டு, நிரைகள் இல்லாத, மூடிய விடைத்தொகுதி ஒன்றைச் செயலியின் கையில் கொடுத்துவிடும். மெய்யான விடையோ கேட்பாரற்று அடுத்த ஸ்தானத்தில் காத்துக்கொண்டிருக்கும். செயல்முறையின் தலைப்பிலேயே எண்ணிக்கை சொல்லவேண்டாம் என்ற பொருளில் "செட் நோகவுண்ட் ஆன்" என்று ஒரு வரி எழுதிவிட்டால் அந்த இடைச்செய்திகள் நின்று, சிக்கல் தீர்கிறது. இந்த வரியை மந்திரம்போல் மனப்பாடம் செய்து எழுதுகிறவர்கள் பலர். அது ஏன் வேண்டும் என்று கம்பியைப் பார்த்துத் தெரிந்துகொண்டவர்கள் சிலர்.

இதே ஒழுங்கிலிருந்து இன்னொன்றும் புலப்படும். நிரைகளோடு கூட, "மொத்தச் சம்பளம் இவ்வளவு" என்று ஒரு தனித்தொகையையும் செயல்முறை வெளியீட்டு மதிப்பாகத் திருப்பித் தரலாம். ஆனால் அந்தத் தொகை நிரைகளுக்குப் பின்னால்தான் கம்பியில் வருகிறது. ஆகவே நிரைகள் எல்லாவற்றையும் வாங்கி முடிக்காமல் தொகையைப் படிக்க முயலும் செயலிக்கு அது வெறுமையாகவே இருக்கும். தொகை தவறிப்போயிற்று என்று புலம்புவதற்கு முன், வரிசையில் அதன் முறை வந்ததா என்று பார்க்கவேண்டும்.

ஆரக்கிள் சென்ற பாதை வேறு. அங்கே செயல்முறை நிரைகளைத் தானாக வெளியே கொட்டாது. திறந்துவைத்த கர்சர் ஒன்றையே வெளியீட்டு மதிப்பாகச் செயலியிடம் ஒப்படைக்கும். இதற்கு ரெஃப் கர்சர் என்று பெயர். "ஏடு உள்ளேதான் இருக்கிறது, விரலும் உரிய வரியில் இருக்கிறது, நீ கேட்கும்போதெல்லாம் விரல் நகரும்" என்பதே அதன் ஏற்பாடு. ஐபிஎம் நிறுவனத்தின் டிபி2 தரவுத்தளத்திலும் ஏறத்தாழ இதே போக்குத்தான்: இத்தனை விடைத்தொகுதிகள் வரும் என்று செயல்முறையின் தலைப்பிலேயே அறிவித்து, உள்ளே கர்சரைத் திறந்து, மூடாமலே செயல்முறையை முடித்துவிட்டால், திறந்திருக்கும் அந்தக் கர்சர் அழைத்தவருக்குச் சேரும். ஃபயர்பேர்ட் என்னும் தரவுத்தளத்தின் யுக்தி எனக்கு மிகவும் பிடித்தமானது. அங்கே செயல்முறை ஒரு நிரையை ஆயத்தம் செய்து, "சஸ்பெண்ட்" என்று சொல்லி அந்த இடத்திலேயே நின்றுவிடும். அடுத்த நிரை வேண்டும் என்று கேட்டபோதுதான் விட்ட இடத்திலிருந்து மேலே நடக்கும். போஸ்ட்கிரஸ் தரவுத்தளமோ நெடுங்காலம் செயல்முறை என்ற தனி வகையே வைத்துக்கொள்ளாமல், சார்பு என்னும் ஒன்றைக்கொண்டே எல்லாவற்றையும் நடத்திற்று. ஒரு சார்பு அட்டவணையையே விடையாகத் தரும், அந்த அட்டவணையை வேறெந்த அட்டவணையோடும் இணைத்து மேலும் வினவலாம். 2018-இல் வந்த பதினொன்றாம் பதிப்பில் செயல்முறையும் சேர்ந்தது. எனினும் நிரைகளைத் தருவதற்கு இன்றும் அங்கே சார்பே உகந்தது.

இவற்றுள் எது சிறந்தது என்று கேட்டால், என் அபிப்பிராயத்தை மறைக்க விரும்பவில்லை. வரப்போகும் பத்திகள் எவை, எந்த வகை என்பதை முன்கூட்டியே அறிவித்துவிடுகிற முறையே மேலானது. சைபேஸ் வழியில் சௌகரியம் உண்டு. ஆனால் செயல்முறையின் தலைப்பைப் படிப்பவருக்கு அது என்ன தரும், தருமா தராதா என்பதே தெரியாது. உள்ளே ஒருவர் ஒரு கட்டளையைச் சேர்த்துவிட்டால், வெளியே கூலிமிலும் அலோர் ஸ்டாரிலும் ஓடிக்கொண்டிருக்கும் செயலிகள் ஒரே நாளில் தடுமாறும். எனினும், ஆரக்கிள்கூட 2013-இல் வந்த பன்னிரண்டாம் பதிப்பில், தானாகக் கொட்டும் முறையையும் ஒரு வசதியாகச் சேர்த்துக்கொண்டது. பிற தரவுத்தளங்களிலிருந்து குடிபெயர்ந்து வருவோருக்கு அது உபகாரமாயிற்று.

இனித் தூரத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். இத்துறையில் பணியாற்றுவோர் பலர் சேவையகத்தின் வேகத்தைப் பற்றியே பேசி, தூரத்தை மறந்துவிடுகிறார்கள். 300 தொழிலாளர்கள் உள்ள ஒரு தோட்டத்தை உதாரணமாகக் கொள்வோம். மாதத்திற்கு 26 வேலை நாள் என்றால், ஒரு மாதத்துச் செக்ரோல் 7,800 நிரைகளாகும். செயலி சுங்கைப்பட்டாணியில் ஓடுகிறது. சேவையகம் சுமார் 350 கிலோமீட்டருக்கு அப்பால் கோலாலம்பூரில் இருக்கிறது. கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் செல்லும்; ஆகையால் ஒரு கேள்வி போய் விடை வருவதற்கு, வேறெந்தத் தாமதமும் இல்லாவிட்டாலும், மூன்றரை மில்லி விநாடி செலவாகியே தீரும்; இடையிலுள்ள கருவிகளுக்கும் சேர்த்து 5 என்று வைத்துக்கொள்வோம்.

ஒவ்வொரு நிரைக்கும் ஒரு போய்வரவு என்று கேட்டால், காத்திருப்பதில் மட்டுமே 39 விநாடிகள் கழியும். ஜாவா மொழியில் எழுதிய செயலிக்கு ஆரக்கிள் கொடுக்கும் இணைப்பான், வேறு விதமாகச் சொல்லாதவரையில், ஒரு போய்வரவுக்கு 10 நிரைகள் வீதம் கொண்டுவரும்; அப்போது 780 போய்வரவுகள், ஏறத்தாழ 4 விநாடிகள். 500 வீதம் கொண்டுவரச் சொன்னால் 16 போய்வரவுகள். விநாடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. சேவையகத்தில் ஒரு குறையும் இல்லை, கேள்வியிலும் ஒரு மாற்றமும் இல்லை. ஒரே ஓர் எண் மாறியதால் நேர்ந்த வித்தியாசம் இது. சேவையகம் 14,000 கிலோமீட்டருக்கு அப்பால் கலிபோர்னியாவில் இருக்குமானால் ஒரு போய்வரவே 140 மில்லி விநாடிக்குக் குறையாது. அங்கே பத்துப் பத்தாக வாங்கும் செயலி இதே செக்ரோலுக்கு ஒன்றேமுக்கால் நிமிடத்துக்கு மேல் காத்து நிற்கும்.

அப்படியானால் எல்லாவற்றையும் ஒரே தவணையில் வாங்கிவிட்டால் என்ன? மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரஸ் ஆகியவற்றின் ஜாவா இணைப்பான்கள் இயல்பாகவே அவ்வாறுதான் செய்கின்றன. 7,800 நிரைகளுக்கு அது உத்தமமான வழி. ஆனால் பல தோட்டங்களின் பல ஆண்டுக் கணக்கைக் கேட்டு 50 லட்சம் நிரைகள் வந்து இறங்கினால், முதல் நிரையைக் காண்பதற்கு முன்பே செயலியின் நினைவகம் நிறைந்து, அது விழுந்துவிடும். மாறாக, செயலி மெதுவாக வாங்கினால் சேவையகம் அனுப்புவதை நிறுத்திக் காத்திருக்கவேண்டும். இதையும் நாம் அளந்தே அறிகிறோம்: எஸ்.கியூ.எல். சர்வர், தான் எதற்காக எத்தனை மில்லி விநாடி காத்திருந்தேன் என்பதைக் காரணவாரியாகக் குறித்துவைக்கிறது. அதில், அனுப்பிய நிரைகளைச் செயலி வாங்கிக்கொள்ளக் காத்திருந்த நேரத்திற்கென்றே ஒரு தலைப்பு உண்டு. "தரவுத்தளம் மந்தம்" என்று குற்றஞ்சாட்டப்பட்ட பல வழக்குகளில் அந்தத் தலைப்பைத் திறந்து பார்த்தபோது, ஒவ்வொரு நிரையையும் வாங்கித் திரையில் வரைந்த பிறகே அடுத்ததைக் கேட்ட செயலியே தாமதத்திற்குக் காரணம் என்று தெரியவந்திருக்கிறது.

மண்டோர் வந்து எடையைத் திருத்தச் சொன்ன வினாவுக்கு இப்போது வருவோம். இதைச் சோதிப்பது எளிது: ஒரு திரையில் செக்ரோலைப் படிக்கும் கர்சரைத் திறந்து பத்து நிரைகளை மட்டும் எடுத்துவிட்டு நிறுத்துங்கள், இன்னொரு திரையிலிருந்து ஏழாயிரமாவது நிரையின் எடையை 18 கிலோவிலிருந்து 12 கிலோவாக மாற்றி உறுதிசெய்யுங்கள், பிறகு முதல் திரைக்குத் திரும்பி எஞ்சியவற்றை எடுங்கள். ஆரக்கிளிலும் போஸ்ட்கிரஸிலும் 18 என்றே வரும். கர்சரைத் திறந்த க்ஷணத்தில் ஏடு எவ்வாறு இருந்ததோ அவ்வாறே கடைசி நிரை வரைக்கும் காட்டுவது அவற்றின் விரதம். இதற்காக ஆரக்கிள் மாற்றப்பட்ட விவரங்களின் பழைய வடிவத்தை வேறோர் இடத்தில் காத்துவைத்திருக்கிறது. அந்த இடம் எல்லையுடையதாகையால், வாசிப்பு மிகவும் நீண்டுபோய்ப் பழைய வடிவம் அழிக்கப்பட்டுவிட்டால், தவறான எண்ணைக் கொடுப்பதைவிட நின்றுவிடுவதே நலம் என்று, 1555 என்ற எண்ணுள்ள பிழையைச் சொல்லி வாசிப்பையே முறித்துக்கொள்கிறது. எஸ்.கியூ.எல். சர்வரோ இயல்பான நிலையில், படிக்கும் நிரையைப் படிக்கும் அளவுக்கு மட்டும் பூட்டி, உடனே விடுவித்துவிடும்; ஆகவே முன்னால் சென்றுகொண்டிருக்கும் வாசிப்பு, இடையில் இடம் மாறிய நிரையை இருமுறை காணவும் கூடும், காணாமலே விடவும் கூடும். நிரைகளைக் கூட்டிப் பார்த்த தொகையும் அடியில் அச்சிட்ட மொத்தமும் ஒத்துவராத சம்பளப் பட்டியல்களுக்கு இது ஒரு காரணம். எஸ்.கியூ.எல். சர்வரிலும், ஒரு க்ஷணத்து நிலையையே காட்டும் முறையை 2005-ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் விரும்பினால் ஏற்றுக்கொள்ளலாம்.

தொழிலாளி பாதியில் போய்விட்டால் என்ன ஆகும் என்ற வினா மிச்சம். திறந்த கர்சரை மூடாமல் செயலி மறந்துவிட்டால் அது சேவையகத்தின் நினைவில் இடம் பிடித்துக்கொண்டு நிற்கும். இப்படி நிற்பவை பெருகினால், ஓர் இணைப்புக்கு இத்தனை கர்சர்கள் என்ற எல்லையைத் தாண்டி ஆரக்கிள் புதியவற்றைத் திறக்க மறுக்கும். வெறுமனே படிக்கும் செயல்முறையானால் தொடர்பு அறுந்தாலும் நஷ்டமில்லை. மறுபடியும் கேட்டு வாங்கலாம். சம்பளத்தைக் கணக்கிட்டு எழுதிவிட்டு, எழுதியவற்றை நிரைகளாகத் திருப்பி அனுப்பும் செயல்முறையானால் சங்கதி வேறு. உறுதிசெய்வதற்கு முன் மின்சாரம் போனால், எழுதியது ஒரு தடயமும் இன்றி நீங்கவேண்டும். உறுதிசெய்தபின் போனால், நிரைகள் செயலிக்கு வந்துசேராவிட்டாலும் எழுதியது ஒன்றுவிடாமல் நிலைக்கவேண்டும். இந்த மீட்சிக்கு இன்று பெரிதும் பின்பற்றப்படும் ஏரீஸ் என்னும் முறையை 1992-இல் வெளியான கட்டுரையில் விரித்துரைத்தவர்களுள் முதல்வர், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்று ஐபிஎம் ஆராய்ச்சிக் கூடத்தில் பணியாற்றிய தமிழ்நாட்டவரான சி. மோகன். எழுதுவதற்கு முன்பே குறிப்பேட்டில் பதிந்துவிடுவதும், விபத்துக்குப் பின் அக்குறிப்பேட்டைப் படித்து நடந்தவற்றை முதலில் அப்படியே மீண்டும் நடத்தி, முடிவுறாதவற்றை மட்டும் பிறகு அழிப்பதும் அம்முறையின் சாரம். இதனால் சம்பள எழுத்து காப்பாற்றப்படும். ஆனால் விடை கிடைக்காத செயலி மறுபடியும் அதே செயல்முறையை அழைத்தால் இரண்டாம் முறையும் சம்பளம் எழுதப்படாமல் இருக்க, இந்த மாதத்துக்கு எழுதியாயிற்றா என்று செயல்முறையே முதலில் பார்த்துக்கொள்ளவேண்டும்.

இவ்வளவு பிரயாசை எதற்கு, செயலியே நேரடியாக அட்டவணைகளைப் படித்துக்கொண்டால் என்ன என்று ஒருவர் கேட்கலாம். தூரத்தைக் குறைப்பது ஒரு பிரயோசனம். பத்துக் கேள்விகளாகப் போகவேண்டியதைச் செயல்முறை ஒரே அழைப்பில் முடிக்கிறது. அதைவிடப் பெரிய பிரயோசனம் காவல். அட்டவணையைத் தொட அனுமதி இல்லாத ஒருவருக்குச் செயல்முறையை மட்டும் அழைக்கும் அனுமதி கொடுக்கலாம்; அது தன்னை எழுதியவரின் அதிகாரத்தைக்கொண்டு ஏட்டைப் பார்த்து, உரிய நிரைகளை மட்டும் வெளியே தரும். ஆரக்கிளிலும் மைஎஸ்கியூஎல்லிலும் இதுவே இயல்பான ஏற்பாடு, எஸ்.கியூ.எல். சர்வரில் செயல்முறைக்கும் அட்டவணைக்கும் உரிமையாளர் ஒருவராக இருந்தால் அவ்வாறே நடக்கும். போஸ்ட்கிரஸில் அதைக் கேட்டுப் பெறவேண்டும்.

ஆனால் இந்தக் காவலில் ஓர் ஓட்டை பல இடங்களில் விடப்படுகிறது. "தொழிலாளி எண்ணைக் கொடு, அவருடைய 26 நிரைகளைத் தருகிறேன்" என்று எழுதப்பட்ட செயல்முறைக்கு, கைபேசியில் கணக்குப் பார்க்கும் ஒருவர் தம் எண்ணுக்குப் பதிலாக அடுத்த எண்ணை அனுப்பினால், அடுத்த வீட்டுக்காரரின் கணக்கு வந்துவிடும். தோட்டத்து ஜன்னலில் கிராணியார் முகத்தைப் பார்த்துக் கணக்குச் சொன்னார். செயல்முறைக்கு முகம் தெரியாது. ஆகையால் யார் என்பதைக் கேட்பவரின் வாயிலிருந்து வாங்காமல், அவர் நுழைவின்போது நிரூபித்த அடையாளத்திலிருந்து எடுக்கவேண்டும். எஸ்.கியூ.எல். சர்வரின் 2016-ஆம் ஆண்டுப் பதிப்பு முதல், இணைப்பு தொடங்கியவுடன் அந்த அடையாளத்தைச் சேவையகத்தின் பக்கத்திலேயே குறித்துவைத்து, இணைப்பு முடியும்வரை எவரும் அதை மாற்ற முடியாதபடி பூட்டிவிடலாம்; செயல்முறை அந்த அடையாளத்துக்குரிய நிரைகளை மட்டுமே எடுக்கும்படி எழுதினால், வெளியிலிருந்து எந்த எண்ணை அனுப்பினாலும் அவரவர் கணக்கே அவரவர்க்கு வரும்.